ஏழு நாற்பத்திரண்டில் சரளி சார்

மும்பையில் சங்கீதம் சொல்லிக்கொடுத்தவர்கள் எத்தனையோ பேர். சங்கீதத்தை யார் கையிலும் கொடுத்துவிடாமல் கடைசி வரை பத்திரமாகப் பாதுகாத்தவர், எனக்குத் தெரிந்து, சரளி சார் ஒருவர்தான்.

மின்சார பில்லில் அவருக்கு வேறு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் திலக் நகரில் ஒருவருக்கும் தெரியாது. சரளி சார் என்றால் காய்கறி வண்டிக்காரன்கூடக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய் வாசலில் விடுவான், கூடவே ஒரு அனுதாபப் பார்வையும் பார்ப்பான்.

சரளி வரிசை என்பது பாட்டுக் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு முதல் பாடம். ச ரி க ம என்று ஏறி, ஏறிய வழியாகவே இறங்க வேண்டும். மொத்தம் பதினாலு வரிசை. மற்ற ஆசிரியர்களிடம் இது சில மாத வேலை. சாரிடம் இது ஆயுள் சந்தா. ஒரு வரிசை சுத்தமாக வராமல் அடுத்த வரிசைக்குப் போகக்கூடாது என்பது அவர் கொள்கை. சுத்தம் என்றால் என்ன என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். என்னோடு பாடிய ஒரு பெண்மணி பிரசவத்துக்குப் போகும்போது மூன்றாவது வரிசையில் இருந்தார். குழந்தை பிறந்து, வளர்ந்து, பாவாடை கட்டிக்கொண்டு அதே கிளாஸுக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்தபோது அம்மா நான்காவது வரிசைக்கு வந்திருந்தார். ஒரே வருஷத்தில் மகள் அம்மாவைப் பிடித்துவிட்டாள். அந்த வீட்டில் அன்றிலிருந்து பேச்சுவார்த்தை குறைவு.

சார் திட்டமாட்டார். திட்டியிருந்தால் தேவலை. கண்ணை மூடிக்கொண்டு வலது கை ஆள்காட்டி விரலை நெஞ்சுக்கு நேராக நிறுத்துவார். நம் குரல் சுருதியை விட்டு இறங்கினால் விரலும் இறங்கும். ஏறினால் ஏறும். நான் சேர்ந்த முதல் நாள் அந்த விரல் இறங்கி, வயிற்றைத் தாண்டி, முழங்காலைத் தாண்டித் தரையைத் தொட்டது. கிளாஸ் மொத்தமும் பாடுவதை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தது. தரை வரைக்கும் போனவன் நான் ஒருவன்தானாம். எனக்கும் வாழ்க்கையில் ஒரு சாதனை வேண்டாமா.

முப்பத்தெட்டு வயதில் எனக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்பீர்கள். அலுவலக ஆண்டு விழாவில் ஒரு பாட்டுப் பாடினேன். மறுநாள் மேனேஜர் கூப்பிட்டு, "நீங்க நல்லா வரணும்" என்றார். பாராட்டு என்று நினைத்து வீட்டில் வந்து சொன்னேன். என் மனைவிதான் விளக்கினாள்: இன்னும் வரவில்லை என்று அர்த்தமாம். அந்த ரோஷத்தில் நான் குடியிருக்கிற கல்யாணிலிருந்து ஞாயிறுதோறும் திலக் நகருக்கு ரயில் ஏறினேன். மூன்று வருஷம் போனேன். முதல் வரிசையைத் தாண்டவில்லை. இரண்டாவது வரிசையைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். கடைசியில் ஒரு நாள், "ஊருக்குப் போறேன் சார், நாலு நாள்ல வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டு ஓடிவந்தவன் ஆறு வருஷம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

சாருடைய காதைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். உலகம் அவருக்குச் சத்தமாகக் கேட்காது, சுருதியாகத்தான் கேட்கும். ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை, இரண்டு கட்டை என்று குரல் நிற்கிற உயரத்துக்குப் பாட்டுக்காரர்கள் ஒரு அளவு வைத்திருக்கிறார்கள். சார் அந்த அளவால் எல்லாவற்றையும் அளந்தார். மாடி வீட்டுக் குக்கர் விசில் அடித்தால், "கால் கட்டை ஏறிடுத்து, கேஸ்கெட்டை மாத்தச் சொல்லு" என்பார். வாசல் மணி அவர் சுருதிக்கு ஒத்துவரவில்லை என்று ஆறு மணி மாற்றினார். ஏழாவதைப் பொருத்த வந்த எலெக்ட்ரீஷியன், "அங்கிள், நீங்க கதவைத் தொறந்தே வச்சிருங்களேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

இந்த மனிதருக்கு வாய்த்த மனைவி கோமதி மாமி. ஸ்கூலில் கணக்கு டீச்சராக இருந்து ரிடையர் ஆனவர். சங்கீதத்துக்கும் மாமிக்கும் எந்த உறவும் கிடையாது. பெண் பார்க்கப் போன இடத்தில் பாடச் சொல்லியிருக்கிறார்கள். "எனக்குப் பாட வராது. வேணும்னா பதினேழாம் வாய்ப்பாடு சொல்றேன்" என்று மாமி சொல்லி, சொல்லியும் காட்டியிருக்கிறார். பதினேழு பதினேழு இருநூற்று எண்பத்தொன்பது என்கிற இடத்தில் ஒரு சுருதி சுத்தம் இருந்ததாகச் சார் சம்மதித்துவிட்டார். ஒரே பெண்ணுக்கு ரஞ்சனி என்று ராகத்தின் பெயரை வைத்தார்கள். பெயரோடு சரி. ரஞ்சனி வாயைத் திறந்தால் லேப்டாப்பும் மீட்டிங்கும்தான் வரும்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில் இரண்டு வருஷத்துக்கு முன்னால் சனி ஒரு சேர் போட்டு உட்கார்ந்தது.

திலக் நகரில் பழைய கட்டடங்களை இடித்துவிட்டுப் புதிதாக உயரமாகக் கட்டுவது நடந்துகொண்டே இருக்கும். சாருடைய கட்டடத்துக்கும் முறை வந்தது. பில்டரின் ஆள் வீடு வீடாகக் கையெழுத்து வாங்க வந்தான். மற்றவர்கள் வக்கீலை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் பேசினார்கள். எனக்கு பால்கனி வேண்டும், எனக்குக் கிழக்குப் பார்த்த சமையலறை வேண்டும் என்று ஒவ்வொன்றாக எழுதி வாங்கினார்கள். சார் முதல் நாளே, முதல் ஆளாக, நின்றுகொண்டே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

"படிச்சுப் பாத்தேளா?" என்று மாமி கேட்டிருக்கிறார்.

"எதுக்குப் படிக்கணும்? அவன் நமஸ்தேன்னு சொன்னப்போ கேட்டியோ? ஒன்றரைக் கட்டையில கம்பி மாதிரி நின்னுது. அப்படி நிக்கற குரல் பொய் சொல்லாது."

"பொய் சொல்றவாளுக்கெல்லாம் தொண்டை கட்டிக்கணும்னு சட்டமா?"

அந்தச் சுருதி சுத்தமான ஆசாமியின் காகிதத்தில், புது வீட்டில் குடியிருக்கலாம், வேறு எதுவும் நடத்தக்கூடாது என்று ஒரு வரி இருந்தது. பாட்டுக் கிளாஸும் வேறு எதுவும்தான் என்பது ரஞ்சனி உட்கார்ந்து படித்துச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. அந்த ஆசாமியை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. எங்கேயோ ஒன்றரைக் கட்டையில் நமஸ்தே சொல்லிக்கொண்டிருப்பான்.

வீட்டைக் காலி செய்ய நாள் குறித்த பிறகுதான் மாமியின் முழங்கால் மக்கர் செய்தது. ஆபரேஷன், வாக்கர், படி ஏறக்கூடாது என்று உத்தரவு. ரஞ்சனியின் கம்பெனி ஒரு காலை எல்லாரையும் வீடியோ காலில் கூப்பிட்டு, "உங்களோட இத்தனை நாள் பயணம் பண்ணினதுல பெருமைப்படறோம்" என்று உருக்கமாகப் பேசி, பேசி முடிக்கும்போது எல்லாருடைய லேப்டாப்பையும் லாக் செய்துவிட்டது. ஆக லிஃப்ட் உள்ள வீடு வேண்டும், பாட்டு கிளாஸை ஒப்புக்கொள்கிற வீடு வேண்டும், உடனே வேண்டும்.

மும்பையில் வாடகைக்குப் போவதென்றால் வீட்டுக்காரர் சம்மதித்தால் போதாது. அந்தக் கட்டடத்து சொஸைட்டி கமிட்டி நம்மைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேள்வி கேட்கும். ஐ.ஏ.எஸ். நேர்காணலில் இவ்வளவு முறைத்துப் பார்க்கமாட்டார்கள். செம்பூரில் ஒரு கமிட்டிக்குப் போகும் முன் புரோக்கர் படித்துப் படித்துச் சொன்னான். "அங்கிள், ரிடையர்ட்னு சொல்லுங்க. அவ்வளவுதான். வேற ஒரு வார்த்தை பேசாதீங்க."

சேர்மன் கேட்டார், நாய் உண்டா. இல்லை. மாமிசம். இல்லை. என்ன தொழில்.

"சங்கீதம் சொல்லிக்கொடுக்கறேன். கார்த்தால ஆறு மணிக்கு ஒரு பன்னெண்டு பேர் வந்து தப்பாப் பாடுவா" என்றார் சார்.

"தப்பாவா?"

"சரியாப் பாடறவா எதுக்கு கிளாஸுக்கு வரா?"

அதோடு எழுந்து வந்திருக்கலாம். வாசல் வரை வந்தவர் திரும்பி, "உங்க தண்ணி பம்ப்பு அரைக் கட்டை எறங்கி ஓடறது, கொஞ்சம் பாத்துக்கோங்கோ" என்று சொல்லிவிட்டு வந்தார். புரோக்கர் அன்றைக்கே தன் போனில் அவர் நம்பரை பிளாக் செய்துவிட்டான்.

கடைசியில் மாமியின் தம்பிக்குக் கல்யாணில் ஒரு காலி ஃபிளாட் இருந்தது. லிஃப்ட் உண்டு. ஸ்டேஷன் பக்கம். ஒரே ஒரு நிபந்தனை: பாட்டு கூடாது. கீழ் வீட்டில் இரவு டியூட்டி பார்க்கிற நர்ஸ் பகலில் தூங்குகிறாள். மேல் வீட்டில் ஒருவன் நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறான், படிக்காத நேரத்தில் அவனும் தூங்குகிறான். இருபத்துநாலு மணி நேரத்தில் பாடுவதற்கென்று ஒரு அரை மணி மிச்சமில்லை. கல்யாண் தூரம் என்று பன்னிரண்டு மாணவர்களும் ஒரே வாரத்தில் விடைபெற்றார்கள். அதில் சிலர் கொஞ்சம் அவசரமாகவே விடைபெற்றதாகக் கேள்வி. சுருதிப் பெட்டி பீரோவுக்குள் போனது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமி போன் செய்தார்.

"ராஜு, நீ கல்யாண்லதானே இருக்கே?"

ஆறு வருஷம் தலைமறைவாக இருந்தவனுக்கு அந்தக் குரல் போலீஸ் சைரன் மாதிரி கேட்டது. "ஆமாம் மாமி... ஊர்லேர்ந்து இப்பத்தான்..."

"பொய் அப்பறம் சொல்லிக்கலாம். அவர் பேசறதே இல்லடா. மூணு மாசமாச்சு. நேத்திக்குக் குக்கர் ஏழு விசில் அடிச்சுது. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு தினுசு. ஒரு வார்த்தை சொல்லலை. எட்டாவது விசிலுக்கு நானே போய், 'இது எத்தனை கட்டை'ன்னு கேட்டேன். 'என்னவோ'ன்னார். எனக்கு பயமா இருக்கு ராஜு."

கோமதி மாமி பயப்பட்டு நான் கேட்டதில்லை. பதினேழாம் வாய்ப்பாட்டுக்கே பயப்படாதவர். அன்று சாயங்காலம் போனேன். சார் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, "ஊர்லேர்ந்து வந்துட்டியா?" என்றார். கிண்டலாகச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். நிஜமாகவே கேட்டார். அந்த ஒரு கேள்விக்குப் பிறகு ஒரு மணி நேரம் ஒன்றும் பேசவில்லை. விரல் மடியில் கிடந்தது.

இங்கே என்னுடைய இரட்டை வாழ்க்கையை ஒப்புக்கொள்ள வேண்டும். சாரிடமிருந்து தப்பித்த நான் சங்கீதத்தை விடவில்லை. கல்யாணிலிருந்து கிளம்புகிற ஏழு நாற்பத்திரண்டு லோக்கலில், கடைசியிலிருந்து இரண்டாவது பெட்டியில், ஒரு பஜனை கோஷ்டி உண்டு. மும்பை ரயில்களில் இது வழக்கம். ஆபீஸுக்குப் போகிற ஆசாமிகள் தோலக்கும் ஜால்ராவுமாக ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு இறங்குகிற வரை பாடுவார்கள். எங்கள் கோஷ்டித் தலைவர் மோரே பாவு. பாவு என்றால் மராத்தியில் அண்ணன். கூரியர் கம்பெனியில் வேலை, குரல் கூட்ஸ் வண்டி. சக்கரச் சத்தம், ஃபேன் சத்தம், கூட்டத்தின் சத்தம் எல்லாவற்றுக்கும் நடுவில் யார் எந்தச் சுருதியில் பாடுகிறார்கள் என்று கடவுளுக்கே தெரியாது. உலகத்தில் என் குரலுக்கு ஏற்ற ஒரே சபை அது. நல்லெண்ணத்தின் பேரில் என் கையில் ஜால்ராவைக் கொடுத்து, வாயைக் குறைவாக உபயோகிக்கச் சொல்லியிருந்தார்கள்.

நானும் மாமியும் சேர்ந்து ஒரு சதி செய்தோம். "கட்டடம் எவ்வளவு தூரம் வந்திருக்குன்னு ஒரு நடை பாத்துட்டு வாங்கோ, ராஜு குர்லா வரைக்கும் கூட வரான்" என்று மாமி அவரை அனுப்பிவைத்தார். தோளில் ஒரு டிபன் பை. நான் அவரை அந்தப் பெட்டியில் ஏற்றி ஜன்னல் ஓரமாக உட்காரவைத்தேன்.

வண்டி கிளம்பியது, பஜனையும் கிளம்பியது. டோம்பிவிலி வரை சார் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. திவாவில் கண்ணை மூடினார். முலுண்டில் விரல் மடியிலிருந்து எழுந்தது. எனக்கு ஜால்ரா தாளம் தவறியது, ஆனால் அது எப்போதும் தவறுவதுதான். விரல் மேலே போனது, கீழே போனது, மகுடி கேட்ட பாம்பு மாதிரி ஆடியது. காஞ்சூர்மார்க்கில் சார் எழுந்து நின்றார். நாற்பது வருஷம் மும்பையில் இருந்தும் அவருக்குத் தெரிந்த ஹிந்தி மொத்தம் பதினோரு வார்த்தை, அதில் நாலு காய்கறி. மிச்சத்தில் ஒன்றை எடுத்தார்.

"ரோக்கோ."

பஜனை நின்றது. எத்தனையோ வருஷமாக அந்தச் சத்தத்தில் நிம்மதியாகத் தூங்கி வந்த நாலு பேர் திடீர் அமைதியில் பதறி எழுந்தார்கள். ஒருவர் தான் இறங்க வேண்டிய ஸ்டேஷன் என்று நினைத்து இறங்கியேவிட்டார்.

"காய் ஜாலா?" என்று மோரே பாவு என்னைக் கேட்டார். என்ன ஆச்சு என்று அர்த்தம். என்ன ஆச்சு என்று எப்படிச் சொல்வேன்.

சார் டிபன் பையைத் திறந்தார். டப்பாவுக்கு அடியில் சுருதிப் பெட்டி. மாமி வைத்திருக்கிறார், எனக்குக்கூடச் சொல்லவில்லை. அதை முடுக்கி மடியில் வைத்துக்கொண்டு, "எல்லாரும் மொதல்ல ஒரு ச பிடிக்கச் சொல்லு" என்றார். சொன்னேன்.

மோரே பாவுக்குக் கோபம் வந்தது. "நாங்க சுருதிக்காகப் பாடறதில்லை, விட்டலனுக்காகப் பாடறோம்" என்று ஹிந்தியில் சொன்னார். மொழிபெயர்த்தேன்.

"விட்டலனுக்குக் காது இல்லேன்னு இவருக்கு யார் சொன்னா?" என்றார் சார்.

இதைக் கொஞ்சம் மரியாதை கலந்து மொழிபெயர்த்தேன். கலந்தது போதவில்லை.  முதலில் எதிர் ஜன்னல் ஓரத்துப் பயணி ஒருவர் சிரித்தார். தோலக்காரர் சிரித்தார். மோரே பாவு கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ச" என்றார். விரல் எழுந்து நின்றது. திலக் நகருக்கு வண்டி மாற வேண்டிய குர்லா வந்தது, போனது. சார் இறங்கவில்லை. பில்டருடைய கட்டடத்தை மறந்தே போனார். தாதரில் நாங்கள் இறங்கும்போது பெட்டி மொத்தமும் ஒரே ச-வைப் பிடித்துக்கொண்டு நின்றது, சீசன் டிக்கெட் பரிசோதகர் உட்பட.

அன்று மாலை மாமி போன் செய்தார். "வந்ததும் வராததுமா, மிக்ஸி சுருதி விட்டுடுத்துங்கறார்" என்றார். அவர் குரலும் கொஞ்சம் சுருதி விட்டிருந்தது. எத்தனை கட்டை என்று நான் கேட்கவில்லை.

கதை இங்கே சுபமாக முடிந்திருக்க வேண்டும். சரளி சாரைத் தெரிந்தவர்கள் அப்படி நினைக்கமாட்டார்கள்.

மறுநாளிலிருந்து ஏழரை மணிக்கே பிளாட்பாரத்தில் ஆஜர். மூன்று வாரம் அந்தப் பெட்டியில் ஒரு பஜனை நடக்கவில்லை. முதல் வரிசை, முதல் வரிசை, மறுபடியும் முதல் வரிசை. தோலக்காரர் வாசிப்பதற்கு ஒன்றும் இல்லாமல் தோலக்கின் மேல் தலைவைத்துத் தூங்கினார். பெட்டியின் மறுபக்கத்திலிருந்து ஒருவர், "பாயி, காணா கப் ஆயேகா?" என்று தினமும் குரல் கொடுத்தார். பாட்டு எப்போது வரும் என்று. அது நான் மூன்று வருஷம் கேட்ட கேள்வி.

ஒரு வெள்ளிக்கிழமை மோரே பாவு என்னைக் கதவுப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். "பெரியவர் நல்லவர்தான். ஆனா நாங்க பஜனைக்காரங்க, ஸ்கூல் பசங்க இல்ல. திங்கட்கிழமை பஜனை பாடணும். இல்லேன்னா அவர் வேற பெட்டி பாத்துக்கட்டும். நீங்களே சொல்லிடுங்க." கோஷ்டி மொத்தமும் அவர் பின்னால் நின்றது. நியாயம் அவர்கள் பக்கம். அதுதான் பிரச்சினை. இந்தப் பெட்டியும் போனால் சார் மறுபடி ஜன்னல் பக்கம் உட்கார்ந்துவிடுவார், இந்தத் தடவை எழுந்திருக்கமாட்டார்.

ஞாயிறு போய், காப்பி குடித்து, பருவமழையைப் பற்றிப் பேசி, மறுபடி காப்பி குடித்து, ஒருவழியாகச் சொன்னேன்.

சார் நிதானமாகத்தான் கேட்டார். "தப்பாப் பாடறதைப் பாத்துண்டு எப்படிடா உக்காந்திருக்கறது? அவா வேற வாத்தியாரைப் பாத்துக்கட்டும். நான் போகலை."

"போகலைன்னா என்னப்பா பண்ணப்போறே?" என்றாள் ரஞ்சனி லேப்டாப்பிலிருந்து தலை தூக்காமல். "என்னோட சேர்ந்து வேலை தேடறியா?"

வாக்கரைத் தள்ளிக்கொண்டு மாமி வந்தார். அவர் எதிரில் நின்றார்.

"முப்பத்திரண்டு வருஷம் உங்களுக்குச் சமைச்சுப் போட்டிருக்கேன். மொத வருஷம் சாம்பார் எப்படி இருந்துதுன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு" என்றார் சார், வேகமாக.

"அது சரியா வர வரைக்கும் உங்களுக்குத் தட்டு வைக்க மாட்டேன்னு நான் சொல்லியிருந்தா?"

சார் யோசித்தார். சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் காப்பி டம்ளருக்குள் ஏதோ தொலைத்தவன் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எத்தனை மாசம் ஆச்சு அது சரியா வர?" என்றார்.

"யார் சொன்னா வந்துடுத்துன்னு?" என்றார் மாமி.

திங்கட்கிழமை பெட்டியில் ஒப்பந்தம் ஆயிற்று. தானே ஸ்டேஷன் வரைக்கும் சரளி வரிசை, அங்கிருந்து பஜனை. தானே வந்ததும் மோரே பாவு அணை உடைத்துக்கொண்ட மாதிரி ஆரம்பித்தார். சாருடைய விரல் துடித்தது. அவர் அந்தக் கையை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். தாதர் வரை அப்படியே வந்தார். இறங்கும்போது கை மரத்துப்போய், நான்தான் தேய்த்துவிட்டேன். அடுத்தடுத்த வாரங்களில் தானாகவே கையை வெளியே எடுத்தார். கோஷ்டியும் கொஞ்சம் தேறியிருந்தது. சரியாகச் சொன்னால், எல்லாரும் சேர்ந்து ஒரே மாதிரி தப்பாகப் பாடினார்கள். அதுவே பெரிய முன்னேற்றம் என்று சாரே ஒப்புக்கொண்டார். இப்போது தானேயில் குடியிருக்கிற திலக் நகர்ப் பழைய மாணவர்கள் இரண்டு பேர் ஆபீஸ் போகிற வழியில் தானேயில் ஏற ஆரம்பித்தார்கள். பஜனைக்குத்தான் வருகிறார்களாம். சரளிக்கு முன்பே ஏற அவர்களுக்கு மனசு வரவில்லை.

திலக் நகரில் கட்டடம் இன்னும் வரவில்லை. பள்ளம் வந்திருக்கிறது. நல்ல ஆழமான பள்ளம்.

போன மாதம் ஒரு நாள் சார் ஒப்பந்தத்தை மாற்றினார். எங்கள் வண்டி கல்யாணிலிருந்தே கிளம்புவது. முதல் பிளாட்பாரத்தில் வந்து ஆறு நிமிஷம் நிற்கும். "இனிமே வண்டி கெளம்பற வரைக்கும் பஜனை. கெளம்பினதுக்கு அப்பறம் சரளி. தானேக்கு மேல மறுபடி பஜனை" என்றார். ஏன் என்று சொல்லவில்லை. மோரே பாவுக்கு என்ன, லாபம்தான். அவர் வாயைத் திறப்பதற்குள் சார் பாட ஆரம்பித்துவிட்டார்.

அத்தனை வருஷத்தில் அவர் ஒரு பாட்டு முழுசாகப் பாடி எங்களில் யாரும் கேட்டதில்லை. பெரிய குரல் இல்லை. வயசான, கொஞ்சம் காற்றுக் கலந்த குரல். ஆனால் வைத்தது வைத்த இடத்தில் இருந்தது. அவர் ஜன்னல் கம்பியை ஒட்டி, வெளியே பார்த்துப் பாடினார். நானும் வெளியே பார்த்தேன்.

பெஞ்சில் கோமதி மாமி உட்கார்ந்திருந்தார். வாக்கர் போய்க் கைத்தடி வந்திருந்தது. எங்கள் பக்கம் திரும்பவே இல்லை, ரயில் நேரம் காட்டுகிற போர்டைக் கணக்கு நோட்டு திருத்துகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஏறும் முன் கேட்டேன். "மாமி, பாட்டு கேக்க வரேளா?"

"எனக்கென்னடா பாட்டு? டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார். நடந்தா உக்காரணும். இங்க பெஞ்சு இருக்கு."

"உங்க வீட்டு வாசல்லயே பார்க் இருக்கே."

"அங்க பெஞ்சு சரியில்லை."

சில நாள் சிக்னல் விழாமல் ஏழு நாற்பத்திரண்டு நாற்பத்தைந்து வரைக்கும், ஐம்பது வரைக்கும்கூட அங்கேயே நிற்கும். பெட்டி மொத்தமும் வாட்சைப் பார்த்துச் சபிக்கும். சார் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு பாட்டு எடுப்பார். நேற்று அப்படித்தான் எட்டு நிமிஷம் கூடுதலாக நின்றது. மோரே பாவு என் முழங்கையை இடித்து, ஜால்ராவுக்கு என்ன ஆச்சு, கேட்கவே இல்லையே என்று கேட்டார். கை வலி என்று சொல்லிவைத்தேன். கையில் ஒரு வலியும் இல்லை. நான் பலமாகத் தட்டினால், சார் குரல் அந்தப் பெஞ்சு வரைக்கும் போகாது.